செழிப்பான எங்கள் ஊர்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது எங்கள் கூடலூர். குமுளி மலைப்பாதையில் இறங்கி, லோயர்கேம்ப்பைக் கடந்து வருவோரை முதலில் வரவேற்பது எங்கள் ஊரே. பெயருக்கு நகராட்சி என்றாலும் பழக்கவழக்கங்களில் அது இன்றும் கிராமந்தான். அங்கிருந்து நாள்தோறும் இப்பள்ளிக்குப் பேருந்தில் வரும் மாணவியர் நாங்கள் ஆறு பேர்.

எங்கள் ஊர் செழிப்பானது. ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் திராட்சைப் பந்தல், இடையிடையே தென்னையும் வாழையும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை எங்கள் பகுதியில் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை இரண்டு குலையாவது கொடுக்காமல் எங்கள் அப்பத்தாமார் அனுப்புவதில்லை.

இச்செல்வம் முல்லையாறு தந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை, கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் அணை கட்டித் தடுத்தார்கள். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் நிறைவுற்றது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்த நீர், இன்று லோயர்கேம்ப்பில் மின்சாரமும் தந்துவிட்டு வயலுக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. லோயர்கேம்ப்பில் 2013-இல் பென்னிகுவிக்கிற்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று மக்கள் பொங்கல் வைத்து அவரை நினைக்கிறார்கள். ஆனால் அக்காட்டில் கல் சுமந்து, காய்ச்சலில் மாண்ட எத்தனையோ தொழிலாளரின் பெயர்கள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதை நாங்கள் எண்ணிப் பார்க்கக் காரணம் ஒரு ஜீப்.

விடியுமுன் எங்கள் தெருவை எழுப்புவது கோழியன்று, ஜீப்பின் ஹார்ன். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து ஏறுவார்கள். "தூங்க விடுகிறார்களா?" என்று நாங்கள் சலித்துக்கொள்வோம்.

எங்கள் அறுவரில் ஒருத்தி, "அம்மா தோட்டத்துக்குப் போயிருக்காங்க" என்று அடிக்கடி சொல்வாள். எங்கள் வீடுகளில் தோட்டம் என்றால் சொந்தத் திராட்சைத் தோட்டம். அவள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் அவள் பள்ளிக்கு வரவில்லை. தேடிப்போனோம். மழையில் ஏலத்தோட்டச் சரிவில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு படுத்திருந்தார் அவள் அம்மா. மறுநாள் முதல் அம்மாவுக்குப் பதிலாகத் தான் ஜீப் ஏறப்போவதாகத் தோழி தலைகுனிந்து சொன்னாள்.

ஒன்பது ஆண்டுகள் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தும் இதை அறியாதிருந்தோமே என்று வெட்கப்பட்டோம். வீட்டில் சொன்னோம். அன்றிரவே பெரியவர்கள் அங்கு சென்று பேசினார்கள். கால் குணமாகும்வரை எங்கள் ஐந்து வீடுகளிலிருந்தும் முறைவைத்து அரிசியும் குழம்பும் சென்றன. மாலைதோறும் அவளோடு அமர்ந்து நாங்கள் படித்தோம். அவள் தேர்வு எழுதினாள்.

அவள் அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "தெனமும் ஹார்ன் அடிச்சு உங்கள எழுப்பிவிடுறோம்ல, அதுக்காச்சும் நல்லாப் படிங்கம்மா."

இப்போது அவர் மீண்டும் ஜீப் ஏறுகிறார். ஹார்ன் கேட்டதும் நாங்கள் எழுந்து புத்தகத்தைத் திறக்கிறோம். ஊரின் செழிப்பு வயலில் மட்டுமன்று, அந்த ஜீப்பிலும் இருக்கிறது என்று கற்றுக்கொண்டோம். தோழியின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம். பொதுத்தேர்வை ஆறு பேரும் எழுதப்போகிறோம். அன்புச் சகோதரியரே, தோழியரே, எங்களுக்காக மன்றாடுங்கள்.