பனிக்கட்டியில் திரும்பியவன்

"பழையவற்றை மறந்துவிடுவோம்" என்று நாம் எளிதாகக் கூறிவிடுகின்றோம். மறதி உறவுக்கு வழியாகுமா என்னும் ஐயத்தை என்னுள் எழுப்பியவர், கனடாவில் நான் பழகிய மூதாட்டியார் ஒருவர்.

உயர்கல்வியின் பொருட்டு ஒன்ராறியோ மாகாணத்து வாட்டர்லூ நகரில் சில ஆண்டுகள் தங்கியிருந்தேன். 1800ஆம் ஆண்டையொட்டிப் பென்சில்வேனியாவிலிருந்து வந்து அப்பகுதியிற் குடியேறியோர் மெனோனைற்றர் என்னும் கிறிஸ்தவ சமூகத்தினர். பின்னர் ஜேர்மன் கத்தோலிக்கரும் அங்கு வந்து சேர்ந்தனர். 1865இல் தோன்றிய கத்தோலிக்கரின் சென்ற் ஜெரோம் கல்லூரியும், 1963இல் மெனோனைற்றர் நிறுவிய கொன்ராட் கிறேபல் கல்லூரியும் இன்று ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கின்றன.

மூதாட்டியார் மெனோனைற்றர், அவருடைய அயல்வீட்டு அம்மையார் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் அம்மையாரையும் என்னையும் தமது காரில் ஏற்றிச் சென்று பூசைக்கு இறக்கிவிட்ட பின்னரே மூதாட்டியார் தமது ஆலயத்துக்குச் செல்வார். கத்தோலிக்கனாகிய எனக்கு அது வெறும் அயலன்பாகவே தோன்றிற்று. அதனடியிற் கிடந்த வரலாற்றை நான் அறிந்திருக்கவில்லை.

ஒரு மாரிக்கால மாலையில் அவர் தடித்த நூலொன்றை எங்கள்முன் விரித்தார். 1660இல் டச்சு மொழியில் வெளிவந்த 'மறைசாட்சிகளின் கண்ணாடி' என்னும் நூலின் மொழிபெயர்ப்பு அது. விபரமறிந்த வயதிலேயே ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று நம்பியமைக்காக, 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க அரசுகளாலும் புரட்டஸ்தாந்து அரசுகளாலும் கொல்லப்பட்டோரின் வரலாறுகள் அதில் உள்ளன. அவர் காட்டிய படத்தில், உடைந்த பனிக்கட்டியிடையே அமிழும் ஒருவனுக்கு மற்றொருவன் குனிந்து கைகொடுக்கின்றான். கைகொடுப்பவன் டேர்க் வில்லெம்ஸ். கத்தோலிக்க ஆட்சியின் சிறையிலிருந்து தப்பியோடியவன், தன்னைத் துரத்தி வந்தவன் நீரில் வீழ்ந்ததைக் கண்டு திரும்பி வந்து காப்பாற்றினான். அதனாற் பிடிபட்டான். 1569இல் அஸ்பெரன் என்னும் ஊரில் உயிருடன் எரிக்கப்பட்டான்.

நான் தலைகுனிந்தேன். "அது நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதையல்லவா?" என்றேன்.

"உங்களை நாணச்செய்ய இதைக் காட்டவில்லை. இதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களோடு நட்பாயிருக்க என்னால் இயலாது" என்றார் அவர்.

நெடுநேரம் படத்தையே பார்த்திருந்த அம்மையார், "நீரில் விழுந்தவன் எங்கள் ஆள். அவன் பின்னர் என்ன செய்தான்?" என்று மெல்லக் கேட்டார். அவன் டேர்க்கை விட்டுவிடவே விரும்பினான் என்றும், நகரத் தலைவன் அவனுடைய சத்தியப்பிரமாணத்தை நினைவூட்டித் தடுத்தான் என்றும் அந்நூலே கூறுகின்றது. ஒடுக்கப்பட்டோர் எழுதிய ஏட்டில் ஒடுக்கியவனின் மனச்சான்றுக்கும் ஓரிடம் இருந்தது. அம்மையாரின் கண்கள் கலங்கின.

அன்றோடு வேற்றுமைகள் மறைந்துவிடவில்லை. குழந்தை ஞானஸ்நானம் பற்றி இருவரும் இறுதிவரை உடன்படவில்லை. நற்கருணைப் பந்தியிலும் ஒன்றாக அமரவில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் தொடர்ந்தது. 1998 முதல் 2003 வரை வத்திக்கானின் பிரதிநிதிகளும் மெனோனைற் உலக மாநாட்டினரும் நடத்திய உரையாடலும் இவ்வழியையே நாடியது. கசப்பான வரலாற்றை இருதரப்பினரும் ஒன்றாயிருந்து மீள வாசித்தனர். தத்தம் பக்கத்துத் தவறுகளுக்கு வருந்தினர். அறிஞர்களுக்கு ஐந்தாண்டுகள் தேவைப்பட்ட அப்பணியின் சாரத்தை இரு முதிய பெண்கள் ஒரு சமையலறை மேசையில் எனக்குக் காட்டினர்.

நாடு திரும்பிய பின்னர் அக்காட்சி என்னை விட்டகலவில்லை. இங்கும் ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தோரின் ஏட்டைத் தன் வீட்டுக்குள்ளேயே வாசித்து அழுகின்றது. அயலவரை அழைத்து, அவர் முன்னிலையில் அதை விரிக்கும் துணிவு நமக்கு என்று வரும்? அவர் தமது ஏட்டை விரிக்கும்போது, அதில் நம்மவன் செய்ததைக் கேட்டிருக்கும் பொறுமை என்று வரும்? இவ்வினாக்களை முதலில் எனக்கே விடுத்துக்கொள்கின்றேன்.