இரண்டாவது கைப்பிடி

பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று விசாரித்து அறிந்துகொள்ளும் பெற்றோர் பலர். அவர்கள் என்ன விளையாட வேண்டும் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. விளையாட்டுதானே, எதையேனும் விளையாடட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு சிறுவன் நாள்தோறும் ஒரு மணி நேரம் எதன்முன் அமர்கிறானோ, அதுவும் அவனுக்கு ஓர் ஆசிரியனாகிவிடுகிறது. ஆகவே என் தங்கை என்னிடம் கேட்ட ஒரு கேள்வியையும் அதற்கு நான் சொன்ன பதிலையும் இங்கே எழுதினால், வேறு சில இல்லங்களுக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

தங்கையின் கணவர் குவைத்தில் பணிபுரிகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர இயலும். வந்தால் 40 நாள் தங்குவார். மகனுக்கு வயது 12, மகளுக்கு 8.

"அண்ணா, அவர் தொலைபேசியில் பேசினால் இவன் 'உம்', 'சரிப்பா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். 'இவனோடு என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை' என்று போன வாரம் அவர் சொன்னார். சிறு வயதில் அவர் விளையாடிய வீடியோ கேம் பெட்டி பரணில் இருக்கிறது. டிசம்பரில் அவர் வருவதற்குள் அதைத் துடைத்து வைக்கலாமென்று பார்க்கிறேன். எந்தெந்த விளையாட்டுகள் வாங்கலாம், சொல்லுங்கள்" என்று அவள் கேட்டாள்.

அந்தப் பெட்டியின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அதை வெளியிட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயரே ஃபேமிலி கம்ப்யூட்டர், அதாவது குடும்பக் கணிப்பொறி என்பதாகும். உலகெங்கும் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. ஜப்பானில் 2003 வரை உற்பத்தி நடந்தது. நம் ஊர்க் கடைகளில் 1990களில் கிடைத்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். பெயர்கள் பலவாயினும் உள்ளிருந்த விளையாட்டுகள் அவையே. விளையாட்டு அடங்கிய வில்லையை நாம் 'கேசட்' என்றே அழைத்தோம்.

அந்த மூலப் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. இரண்டு கைப்பிடிகளும் கழற்ற இயலாதபடி பெட்டியோடே இணைக்கப்பட்டிருந்தன. பெட்டியை வாங்கியவர் இன்னொருவருக்குரிய கைப்பிடியையும் சேர்த்தே வாங்கினார். தங்கைக்கு நான் சொன்ன பதிலின் சாரமும் இதுதான். "படம் அழகாயிருக்கிறதா, எத்தனை கட்டங்கள் உள்ளன என்று பார்க்காதே. இரண்டாவது கைப்பிடிக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் பார்" என்றேன்.

இந்த அளவுகோலைக் கொண்டு நான் தேர்ந்தவை ஐந்து.

முதலாவது, சூப்பர் மாரியோ பிரதர்ஸ். 1985 செப்டம்பரில் வந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அமைத்தது. எட்டு உலகங்கள், உலகுக்கு நான்கு கட்டங்களாக 32 கட்டங்கள். இவ்வளவும் அடங்கியது வெறும் 40 கிலோபைட்டில். இன்று நாம் கைபேசியில் அனுப்பும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, வானத்து மேகத்தின் உருவையே நிறம் மாற்றித் தரையில் புதராக வைத்தார்கள். சிக்கனம் தெரிந்த இல்லத்தரசி பழைய சேலையைத் தலையணை உறையாக்குவது போன்ற கெட்டிக்காரத்தனம் அது! இதில் இருவர் ஒரே சமயத்தில் ஆட முடியாது. மாரியோ வீழ்ந்த பின்னரே லூயிஜியின் முறை வரும். தன் முறை வரும்வரை காத்திருக்கவும், அடுத்தவர் ஆடுவதை ரசிக்கவும் சிறு பிள்ளைகள் பழகுவார்கள். படித்தறிய வேண்டிய சொற்களும் மிகக் குறைவு. ஆங்கிலம் அறியாத பாட்டியும் அருகிலிருந்து உற்சாகமாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, எக்சைட்பைக். 1984இல் வந்த மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு பொத்தான் அளவான வேகத்தைத் தரும். மற்றொன்று மிகுவேகத்தைத் தரும். மிகுவேகத்தில் வெகுநேரம் ஓட்டினால் எஞ்சின் சூடேறி வண்டி நின்றுவிடும். அது ஆறும்வரை மற்றவர்கள் நம்மைக் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதில் பந்தயப் பாதையை நாமே அமைக்கவும் வழி உண்டு. ஒருவர் பாதையை அமைக்க, மற்றவர் அதில் ஓட்டலாம். நம் பெட்டிகளில் மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தப் பாதை மறைந்துவிடும்.

மூன்றாவது, டாக்டர் மாரியோ. 1990இல் வந்தது. மேலிருந்து விழும் இருநிற மாத்திரைகளைத் திருப்பி அடுக்கி, ஒரே நிறம் நான்கு சேர்ந்தால் கிருமிகள் அழியும். இருவர் ஆடும்போது கிருமிகளின் எண்ணிக்கையையும் மாத்திரை விழும் வேகத்தையும் அவரவர் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். வல்லவர் கடினமானதையும் புதியவர் எளிதானதையும் எடுத்துக்கொண்டு சமமாகப் போட்டியிடலாம். எட்டு வயது மகளும் தாயும் ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது அந்தப் பெட்டியில் வேறில்லை. பெரியவர் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் பொய் இங்கே தேவைப்படாது.

நான்காவது, பேட்டில் சிட்டி. நம்மூர்ப் பிள்ளைகள் 'டேங்க் கேம்' என்று சொன்னது இதைத்தான். நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்டது. திரையின் அடியில் செங்கற்சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம் இருக்கும். கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள் வரும். இருவரும் சேர்ந்து அந்தச் சின்னத்தைக் காக்க வேண்டும். நம் குண்டு தோழன்மீது பட்டால் அவர் சிறிது நேரம் அசையாது நிற்பார். நம் குண்டே தவறிக் கழுகின்மீது பட்டாலும் ஆட்டம் முடிந்தது! அவசரத்தில் சுடுகிறவன் தன் வீட்டையே இடித்துவிடுவான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஐந்தாவது, ஐஸ் கிளைம்பர். அதுவும் 1985இல் வந்ததே. மரச்சுத்தியல் ஏந்திய இருவர் தலைக்குமேலுள்ள பனித்தளத்தை உடைத்து உடைத்து மலையேற வேண்டும். 32 மலைகள். முன்னால் ஏறுகிறவர் உயர உயரத் திரையும் மேலே நகரும். பின்தங்கியவர் திரையின் அடிக்குக் கீழே போய்விட்டால் அவருக்கு ஓர் உயிர் நஷ்டம். வேகமாக ஏறுவது குற்றமல்ல. ஆயினும் கீழே நிற்பவரைத் திரும்பிப் பாராமல் ஏறினால் அவரை நாமே வீழ்த்தியவர்களாகிறோம். ஒரேயொரு விளையாட்டுதான் வாங்க முடியுமென்றால் இதை வாங்கு என்று தங்கையிடம் சொன்னேன்.

வேண்டாதவை எவை என்றும் சொல்ல வேண்டுமல்லவா? கான்ட்ரா இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டுதான், புகழ் பெற்றதும்கூட. ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை துப்பாக்கிச் சண்டையாதலால் எட்டு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. டக் ஹன்ட் என்னும் வாத்து வேட்டை நல்ல வேடிக்கை. ஆனால் இன்றைய தட்டைத் தொலைக்காட்சியில் அந்தப் பழைய துப்பாக்கி வேலை செய்யாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக ஒளிரும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணர்வி அந்த வெளிச்சத்தைக் கண்டால் குறி சரி. பழைய குழாய்த் தொலைக்காட்சி அதே கணத்தில் ஒளிரும். புதியவை படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதால் துப்பாக்கி ஏமாந்துபோகிறது. குழாய்த் தொலைக்காட்சி இல்லாதவர்கள் துப்பாக்கிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

'9999 விளையாட்டுகள்' என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டைக் கண்டும் மயங்க வேண்டாம். சில விளையாட்டுகளையே பெயர் மாற்றியும், தொடங்கும் கட்டத்தை மாற்றியும் அடுக்கியிருப்பார்கள். அவற்றில் நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது நலம். கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவது நம் எல்லோருக்கும் இருந்த வழக்கம். மூச்சின் ஈரம் உலோகப் பற்களை அரிக்கும் என்பதால் நின்டெண்டோ நிறுவனமே அதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் சிறிது தொட்டுத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருக வேண்டும். பழைய பெட்டி இல்லாதவர்களுக்காக அந்நிறுவனம் 2016இல் 30 விளையாட்டுகள் அடங்கிய சிறு பெட்டி ஒன்றை வெளியிட்டது. நான் சொன்ன ஐந்தில் பேட்டில் சிட்டி தவிர மற்ற நான்கும் அதில் உண்டு. பின்னர் அதன் தயாரிப்பும் நின்றுவிட்டதால், இருப்பவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

டிசம்பர் வந்தது, மைத்துனரும் வந்தார். நடந்ததைத் தங்கை சொல்லக் கேட்டேன். முதல் மாலை தந்தையும் மகனும் ஐஸ் கிளைம்பர் ஆட அமர்ந்தார்கள். கைபேசியில் பழகிய விரல்கள் மகனுக்கு. முப்பது ஆண்டுகளாகத் தொடாத விரல்கள் தந்தைக்கு. மகன் விறுவிறுவென்று ஏறிவிட்டான். தந்தை ஐந்து முறை அடியில் விழுந்தார். "நீயே ஆடுப்பா" என்று கைப்பிடியை வைத்துவிட்டு எழுந்தார். அப்போது பின்னாலிருந்த சின்னவள், "அண்ணன் கொஞ்சம் நின்னா அப்பா வந்துடுவாங்கல்ல?" என்றாளாம்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கைப்பிடியை எடுத்துத் தந்தையிடம் நீட்டினான். அடுத்த மலையில் ஒவ்வொரு தளத்திலும் நின்றான். "அப்பா, அங்கே வேண்டாம், இந்தப் பக்கமா வாங்க. இப்போ குதிங்க. இல்லப்பா, அது வரட்டும்... இப்போ!" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். "சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன் அண்ணா. அவன் அப்பாவிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதை அன்றுதான் கேட்டேன்" என்றாள் தங்கை.

இரண்டாண்டுப் பிரிவை ஒரு விளையாட்டுப் பெட்டி ஈடுசெய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 40 நாள் முடிந்ததும் அவர் புறப்பட வேண்டியிருந்தது. புறப்படும் நாளில் மகன் அறையைவிட்டு வெளியே வர வெகுநேரமாயிற்று. ஆனால் இப்போது அவர்களிடையே பேச ஒரு பொருள் இருக்கிறது. பேட்டில் சிட்டியில் சுவர்களை நாமே அமைக்கும் வசதி உண்டு. அந்தப் போர்க்களம் பக்கத்துக்கு 13 கட்டங்கள் கொண்ட சதுரம். மைத்துனர் குவைத்தில் கட்டம் போட்ட தாளில் செங்கல் எங்கே, இரும்பு எங்கே, தண்ணீர் எங்கே என்று வரைந்து படமெடுத்து அனுப்புகிறார். மகன் அதைத் திரையில் அமைத்துத் தங்கையோடு ஆடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இடப்பக்கம் ரொம்ப எளிது, இரும்பைக் கூட்டுங்க" என்று தொலைபேசியில் குறை சொல்கிறான். 'உம்' என்ற பதில் குறைந்துவிட்டது.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்குமுன் சிறிது யோசியுங்கள். அது தன்னுள் முடிவுள்ளதா, இல்லை மேலும் மேலும் பணம் கேட்பதா? பழைய கேசட் ஒருமுறை விலை கொடுத்தால் பிறகு எதுவும் கேட்காது, விளம்பரம் காட்டாது, முன்பின் அறியாதவரை வீட்டுக்குள் அழைத்து வராது. விளையாடும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். பெட்டியைப் பிள்ளையின் அறையில் வைக்காமல் எல்லோரும் நடமாடும் கூடத்தில் வையுங்கள். கைப்பிடிகள் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று வாங்கும்போதே சோதியுங்கள். இரண்டாவது பழுதென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புதிய கேசட் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.