நாமக்கல்லில் குடைந்தார்கள், தஞ்சையில் ஏற்றினார்கள்

நாமக்கல் கோட்டை மலை ஒரே பாறை. 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் அதன் மேற்கில் நரசிம்மருக்கும் கிழக்கில் அரங்கநாதருக்கும் குடைவரை எடுத்தனர். கல்லைத் தூக்கும் சிக்கலே அங்கில்லை.

அந்தச் சிக்கல் 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் வருகிறது. சுமார் 66 மீட்டர் விமானத்தின் உச்சிக்கு 80 டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து போட்ட சாரத்தில் ஏறியது என்பது ஊர்க்கதை. சிகரம் பல துண்டுகளால் ஆனது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியானால் அத்தனை நீளச் சாரம் எதற்கு?

எகிப்தியப் பிரமிடுகளிலும் கல்லை ஏற்றியது நேர்ச்சரிவிலா, சுற்றுச்சரிவிலா என்ற வாதம் ஓயவில்லை. கையில் தட்டுப்படும் சான்று எகிப்தின் ஹட்னூப் கல்குவாரியில் இருக்கிறது. அங்கு கண்டதாக 2018இல் அறிவிக்கப்பட்ட செங்குத்தான சரிவுப்பாதை மன்னன் கூஃபு காலத்தது. இருபுறமும் படிகள், கம்பம் நட்ட குழிகள். கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, மேலும் கீழும் நின்று ஆட்கள் இழுத்திருக்க வேண்டும்.