வெள்ளைத் தாளில் இரண்டு ஏக்கர்

போடியிலிருந்து குரங்கணிக்குப் பஸ் ஏறும்போது என் போனில் ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு ஏக்கர், ஓட்டு வீடு, நாலு ஆடு, வீட்டுக்கு வேண்டிய காய்கறி, கைச்செலவுக்குக் கொஞ்சம் ஏலக்காய். சென்னையில் எட்டு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அதற்குப் போதும் என்று நம்பினேன்.

இடத்தைக் காட்டியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கீழே மாவும் இலவமும். ஏற ஏறக் காபி, மிளகு. "இங்க ஏலம் போடலாமாய்யா?" என்றேன்.

சிரித்தார். "ஏலத்துக்கு நிழலும் வேணும், ஈரமும் வேணும் தம்பி. இன்னும் மேல போகணும். ஆடியில கேரளா பக்கம் கொட்டும், நமக்குக் காத்துதான். ஐப்பசி, கார்த்திகை மழைய நம்பித்தான் பொழப்பு. ஏலம் போட்டாலும் மூணாம் வருசந்தான் காய் பாக்கலாம். அதுவரைக்கும் என்னத்தச் சாப்பிடுவீக?"

மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும் என்றார். 2018 மார்ச் 11 அன்று பிடித்த தீயில் மலையேற வந்த 23 பேர் இறந்தது இந்த மலையில்தான். அதைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை.

கடைசியாகத்தான் பட்டாவைக் கேட்டேன். "அது இல்ல. தாத்தா காலத்துலருந்து அனுபவம். வெள்ளைப் பேப்பர்ல எழுதிக்கிருவோம்." பட்டா நிலத்தின் விலையில் பாதிதான் கேட்டார். மகளுக்கு ஆபரேஷன்.

அன்றிரவு போடியில் ரூம் போட்டுச் சட்டத்தைப் படித்தேன். கர்நாடகாவில் 2020 வரை இருந்ததுபோல, விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்திருந்தேன். ஆனால் இது வனநிலம். 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே பயிர் செய்து பிழைப்பவர் கிராம சபையில் மனு கொடுக்கலாம். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அதிகபட்சம் 4 ஹெக்டேர். உரிமை கணவன், மனைவி இருவர் பேரிலும் வரும், பிள்ளைகளுக்குப் போகும். விற்க மட்டும் முடியாது.

நான் பணம் கொடுத்தால் அவர் இறங்கிப் போவார், மனு போடும் தகுதியும் அதோடு போகும். எனக்கோ எந்தக் காலத்திலும் அந்த உரிமை வராது. அந்தத் தாள் அவரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கும், எனக்கும் தராது.

காலையில் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மனு முடியுற வரைக்கும் ஆஸ்பத்திரியில பொறுத்துக்கிருவாகளா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. முடிந்ததைக் கடனாகக் கொடுத்தேன். "எழுதித் தரட்டுமா?" என்றார். வேண்டாமென்றேன்.

போன மாதம் போன் செய்தார். மகள் நடமாடுகிறாளாம். மனு எழுத ஆரம்பித்திருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் வாக்குமூலமும் சான்றுதான் என்று நான் சொன்னதை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். வைக்கும்போது, "மெட்ராஸ்லருந்து இன்னும் ரெண்டு பேரு வந்து எடம் பாத்துட்டுப் போனாக. கூடக் குடுக்குறேன்னாக" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன் தம்பி."