முதல் ஈடு சாமி வீட்டுக்கு

துபாய்க்கும் அனுமந்தன்பட்டிக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். ஊரில் இரவு பன்னிரண்டுக்கு வானவர் கீதம் தொடங்கி, குடிலின் திரை விலகி, கோயில் மணி விடாமல் அடிக்கும்போது இங்கே பத்தரைதான் ஆகியிருக்கும். அதனால் எனக்குக் கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை கைபேசியில்: தங்கச்சி மகன் கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்திப் பிடிக்க, பாதி நேரம் கோயில் விட்டமும் மின்விசிறியும்தான் தெரியும். இரண்டாவது தடவை ஊத் மேத்தாவில், தூய மரியன்னை ஆலய முற்றத்தில், ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றுகொண்டு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஒன்றரை மணி நேரந்தான் சிக்கல். ஊரில் பாலன் பிறந்தாயிற்று, இங்கே இன்னும் பிறக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பக்திக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பலர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967இல் எழுந்த கோயில் இது. கூட்டம் பெருகியதால் 1989இல் புதிதாகக் கட்டினார்கள். இன்றைக்கு உலகின் மிகப் பெரிய பங்குகளில் ஒன்று. தமிழ், மலையாளம், கொங்கணி, தகாலோக், அரபி என்று மொழிக்கு ஒரு பூசை. பொதுவாக இந்த நாட்டுக் கோயில்களில் வெளியே கேட்கிற மாதிரி மணி அடிப்பதில்லை, உச்சியில் சிலுவை வைப்பதில்லை. உள்ளே போய்விட்டால் எல்லாம் உண்டு. 2019 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அபுதாபி வந்து மைதானத்தில் பூசை வைத்தபோது லட்சத்துக்கு மேல் ஜனம். ஊரில் இருந்திருந்தால் போப்பாண்டவரைப் பார்க்க எனக்கு ஏது வழி?

வந்த புதிதில் ஒரு விஷயந்தான் வேடிக்கையாக இருந்தது. 2022இல் வார விடுமுறையை மாற்றும்வரை இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வெள்ளிக்கிழமை காண்பது வழக்கம். அப்பத்தாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வெள்ளிக்கிழம கறியே திங்கக்கூடாதுடா. அன்னைக்குப் போயி ஞாயித்துக்கெழமப் பூசையா? சாமியார் தெரிஞ்சுதான் செய்றாரா?" என்றாள். தெரிந்துதான் செய்கிறார் அப்பத்தா என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்படியென்றால் இங்கே எதுதான் இல்லை? ரொம்ப நாள் யோசித்து எனக்குப் பிடிபட்டது இது: ஊத் மேத்தா முற்றத்தில் நிற்கிற எல்லாரும் கிறிஸ்தவர்கள். எங்கள் ஊரில் குடிலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை.

பெயரே அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்தைத் தாண்டினால் கம்பத்துக்கு முன்னால், குமுளி போகிற சாலையில் இருக்கிறது. கார்த்திகை ஒன்றாம் தேதி பிறந்ததும் அந்தச் சாலை எங்களுடையது அல்ல, ஐயப்பமார்களுடையது. வடக்கே எங்கெங்கிருந்தோ வேனிலும் பஸ்ஸிலும் வருவார்கள். கறுப்பு வேட்டி, காவி வேட்டி, இருமுடி. நடந்து வருகிறவர்களும் உண்டு. கூட்டம் மிஞ்சிப்போனால் போலீஸ்காரர்கள் ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள்: போகிற வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏற வேண்டும், திரும்புகிறவை குமுளி வழியாக இறங்க வேண்டும். மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில் வரும். ஆக, எங்கள் திருவருகைக் காலம் முழுக்கச் சரண கோஷத்தோடுதான் நடந்தது. அந்தக் காலத்துக்குச் சபை குறித்துவைத்த ஊதா நிறம் பீடத்தில் மட்டும் இருக்கும். தெருவில் கறுப்புதான்.

குடில் வேலை டிசம்பர் பத்துக்கு மேல் சூடு பிடிக்கும். முதல் போக நெல்லின் வைக்கோல் படப்பில் இருந்து உருவிக்கொண்டு வருவோம். இரண்டாம் போகம் அப்போது வயலில் பச்சையாக நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கசக்கிச் சாம்பல் நிறம் அடித்தால் பாறை. நனைத்த சாக்கில் கேழ்வரகைத் தூவிப் பத்து நாள் தண்ணீர் தெளித்தால் புல்வெளி. நட்சத்திரத்துக்கு மூங்கில் பத்தை, வண்ணக் காகிதம், மைதாப் பசை. எலி நக்காமல் இருக்கப் பசையில் துளி மயில்துத்தம். பெத்லகேமின் பின்னால் நீல அட்டையில் வரைகிற மலை மட்டும் எந்த வருஷமும் மேகமலை மாதிரியே வரும். வரைகிறவன் வேறு மலையைப் பார்த்ததில்லை.

கேரல் போகிற ராத்திரி ஒன்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பனி இறங்கிவிட்டது. எல்லாருக்கும் குல்லா, மப்ளர். எங்கள் டிரம் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டைக் கடக்கிறோம். எதிரே ஒரு பஸ் நின்றிருக்கிறது, ஐயப்பமார்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமும் ஒரு டிரம். இரண்டு டிரம்மும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டன. பிறகு எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது, ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. எங்கள் கிறிஸ்துமஸ் தாத்தா பையில் கைவிட்டுக் குட்டிச் சாமிகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். குருசாமி விபூதிச் சம்புடத்தைத் திறந்து தாத்தாவின் நெற்றியில் பூசப் போனார். முகமூடியில் ஒட்டவில்லை. தாத்தா முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொந்த நெற்றியைக் காட்டினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இதற்கு ஏதாவது வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமாவும் குருசாமி. வருஷம் தவறாமல் மாலை போடுவார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர் பெரும்பாலும் விரதத்தில் இருப்பார், இல்லாவிட்டால் மலையில் இருப்பார். எங்கள் வீட்டில் அதிரசம் சுடுவது அதற்கு முந்தைய நாள் மத்தியானம். அப்பத்தாவுக்கு ஒரு முறை இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு, கழுவிக் காயவைத்த சட்டியில் புது எண்ணெய் ஊற்றி, முதல் ஈடு எடுத்ததும் வாழை இலையில் வைத்துச் "சாமி வீட்டுக்குக் குடுத்துட்டு வா" என்பாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு. அதற்கும் பிறகுதான் கறி பற்றிய பேச்சே அடுப்படிக்குள் வரலாம். அவர் மலையிறங்கி வந்ததும் ஒரு டின் அரவணை எங்கள் வீட்டுக்கு வரும். அப்பத்தா விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுவாள். இது சரியா தவறா என்று அந்தத் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. இப்போது பேசுகிறார்கள், இரண்டு பக்கமும்.

வெளியூரில் திருநாள் கழிப்பவர்களைப் பற்றி யோசிக்கும்போது, எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து அப்படிக் கழித்தவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் வந்த செய்தி இது. பூசை ரசத்துக்காகக் கொண்டுவந்திருக்கலாம். வாசலில் ஒரு கொடி நின்றால் பிறந்த மண் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். அவருடைய நாட்டில் வருஷத்துக்கு ஒரு அறுவடை. எங்கள் கொடி அந்த வழக்கத்தையெல்லாம் மறந்துவிட்டது. கவாத்து பண்ணிவிட்டால் நாலு மாதத்தில் பழம், இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி என்று கல்தூண் நட்ட பந்தல்களுக்கு அடியில் குனிந்துகொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கறுப்புப் பழம் விதையும் புளிப்பு கலந்த வாசனையுமாக இருக்கும். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் உலகத்துத் திராட்சையெல்லாம் விதையில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். வாங்குகிறேன், தின்கிறேன். விதையைத் துப்ப வேண்டியதில்லை என்பதே ஒரு குறையாக இருக்கிறது.

மதுரை மிஷன் அமெரிக்கர்கள் காய்ச்சலில் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, பெரியகுளத்தடியிலிருந்து மலையேறிக் கோடைக்கானலில் 1845இல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். குளிர் இருந்தால் ஊர் மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இன்னொரு பக்கம் என்ஜினியர் பென்னிகுயிக்கும் அவருடைய ஆட்களும். 1887 முதல் 1895 வரை பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். காடு, மழை, மலேரியா. காய்ச்சல் மாதங்களில் முகாமையே காலி செய்துவிட்டு இறங்கிவிடுவார்கள். டிசம்பர் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே அந்த வெள்ளைக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வேலைக் காலத்தில், யானைக் காட்டுக்கு நடுவில் வந்திருக்கும். செத்தவர்கள் சிலருடைய கல்லறைகள் இன்னும் அணைப் பக்கத்தில் இருக்கின்றன. பென்னிகுயிக் பிறந்தநாள் ஜனவரி 15, தைப் பொங்கலையொட்டி. பள்ளத்தாக்கில் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த மனிதர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ. எங்கள் அப்பத்தா அரவணையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விடுப்பில் ஊருக்குப் போனால் எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைப்பதும் பிசகு. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் புறவழிச்சாலைகள் வந்துவிட்டன. வேன்கள் வேகம் எடுத்துவிட்டன, டீக்கு நிற்பது குறைந்துவிட்டது. சிற்றலையில் கரகரத்து மணிலாவிலிருந்து வந்துகொண்டிருந்த வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையையே விட்டுவிட்டது, இப்போது இணையத்தில் மட்டும். அப்பா அந்த ரேடியோவைத் தூக்கிப்போடவில்லை. குடிலில் கேழ்வரகுப் புல்லுக்குப் பதில் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு. காகித நட்சத்திரங்கள் போய் மினுக்கு விளக்கு நட்சத்திரங்கள். கூட ஒட்டினவர்களில் ஒருத்தன் சிங்கப்பூரில், ஒருத்தன் திருப்பூரில், இன்னொருத்தன் கட்டப்பனைப் பக்கம் ஏலத்தோட்டத்தில். அப்பத்தா கல்லறைத் தோட்டத்தில். குருசாமி மாமாவுக்கு மூட்டுவலி, மலைக்குப் போவதில்லை. எனக்கு ஏக்கம் அனுமந்தன்பட்டி மேல் என்றால் விமானம் ஏறித் தீர்த்துக்கொள்ளலாம். அது இல்லை என்பதால்தான் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போடுகிறேனோ என்று ஒரு சந்தேகம்.

இங்கே கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் ஒரு வழக்கமான இடம் உண்டு: திருக்குடும்பமும் ஊர்விட்டு ஊர் போனதுதான், யோசேப்பும் மரியாளும் எகிப்துக்குப் பிழைக்கப் போனவர்கள்தான் என்பார்கள். ஆறுதலான பேச்சு. பின்வரிசையில் யாராவது ஒருவர் அவர்களுக்கு விசா புதுப்பிக்கிற வேலை இல்லை என்று முணுமுணுப்பதும் உண்டு. எகிப்தில் அவர்கள் பக்கத்து வீட்டில் யார் இருந்தது, என்ன கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் என்பதை நற்செய்தி சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

என் அறையில் கூட இருப்பவர் சின்னமனூர்க்காரர். கார்த்திகை பிறந்தால் அவரும் மாலை போட்டுவிடுகிறார். அறையில் அந்த நாட்களில் நாங்கள் கறி சமைப்பதில்லை. பிரியாணி என்றால் வெளியே போய்த் தின்றுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வருவோம். இதை யாரும் யாரிடமும் கேட்டு வைத்துக்கொண்டதல்ல. நான் ஒரு தடவை அதிரசம் சுட்டுப் பார்த்தேன். பாகு முறிந்து எண்ணெயில் கரைந்துபோயிற்று. கரையாமல் தப்பித்த நாலைந்தை அவரிடம் நீட்டினேன். "முதல் ஈடா சாமி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் தெருவிலும் ஒரு கிறிஸ்தவ வீடு இருந்திருக்கிறது.

போன டிசம்பரில் அவருக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை. இருமுடி கட்டி மலைக்குப் போகிற வழியில் அனுமந்தன்பட்டியில் வண்டியை நிறுத்தி, கோயிலில் என் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். அது கொஞ்சம் அதிகப்படிதான் என்று கேட்ட பிறகுதான் தோன்றியது. கிறிஸ்துமஸ் அன்று ஜெபல் அலியில் கிடங்குக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம், சரண கோஷம், யாரோ ஒரு பிள்ளை அழுகிற சத்தம்.

"சாமி, கோயில்ல நல்ல கூட்டம். செருப்பு போடாமத்தானே வந்தேன், உள்ள விட்டாங்க. குடில் பெருசா போட்டிருக்காங்க. உங்க அம்மாவப் பாத்தேன், அவங்களே வந்து பேசுனாங்க, கையில பொட்டலம் குடுத்து விட்டிருக்காங்க, கறிச்சட்டி படாததுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. மெழுகுவர்த்தி ரெண்டா வாங்குனேன், உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இருபது ரூவா. வந்து வாங்கிக்கிறேன். சரி, கம்பம்மெட்டு வழியா திருப்பி விடுறாங்களாம், வைக்கிறேன். சாமி சரணம்."