காட்பாடி முதல் திருப்பதி வரை

கரீபியன் தீவுகளைச் சுற்றும் சொகுசுக் கப்பல் காலையில் துறைமுகம் சேர்ந்தால் மாலையில் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலுக்குள் தீவைப் பார்த்தாக வேண்டும். ஒருநாள் பயணமாகத் திருப்பதி போகும் நம் குடும்பங்களுக்கும் இதே அவசரம்தான். காலையில் போய், தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு இரவு வண்டியைப் பிடிக்கிறோம். பகலை வரிசை தின்றுவிடுகிறது. வழியில் இருக்கும் ஊர்கள் கண்ணில் படுவதே இல்லை. படவேண்டிய ஊர்கள் அவை.

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் 104 கிலோமீட்டர். இன்னும் ஒற்றைத் தடம்தான், எதிர்வண்டிக்காகக் காத்திருப்பது சகஜம். இரட்டைப் பாதைக்கு 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 1,332 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. காட்பாடிக்குப் பக்கத்து வேலூர், விஜயநகரத்தின் கடைசி மரபான ஆரவீட்டு அரசர்களின் இறுதித் தலைநகரம். அதற்கு முந்தைய தலைநகரம் சந்திரகிரி. இரண்டையும் இந்தப் பாதை இணைக்கிறது.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம். மொழிவழி எல்லைச் சண்டையில் ம.பொ.சி. போன்றோர் போராடி, 1960-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆனாலும் அதன் கடைத்தெருவில் தமிழ் பேசியே சாமான் வாங்கிவிடலாம். கோடையில் இறங்கினால் மாம்பழ வாசனை. நம் கிளிமூக்கு அங்கே தோத்தாபுரி. பெரும்பகுதி மாங்கூழ் ஆலைக்குப் போகிறது. விளைச்சல் மிஞ்சிய ஆண்டில் விலை சரிந்து, பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் காத்துக் கிடக்கும். 2025-ல் அப்படித்தான் ஆயிற்று. நாம் குடிக்கும் மாம்பழச் சாற்றுக்குப் பின்னால் அந்த விவசாயியின் நஷ்டமும் இருக்கிறது. பிள்ளையார் பக்தர்கள் இங்கிருந்து காணிப்பாக்கம் போய் வரலாம்.

பாகாலா சந்திப்பில் தர்மாவரம் பாதை மேற்கே பிரிகிறது. நம் வண்டி கிழக்கே திரும்பி, குன்றுகளின் ஊடே இறங்குகிறது. 2022-ல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது பாகாலாவும் சந்திரகிரியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின.

ஒரே இடத்தில்தான் இறங்க நேரம் என்றால் சந்திரகிரியில் இறங்குங்கள். பாறைக் குன்றின் அடியில் கோட்டை. உள்ளே மூன்று அடுக்கு ராஜ மஹால். கல், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றால் எழுந்தது. மரம் சேர்க்காமலே கட்டியதாகச் சொல்வார்கள். இப்போது அது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், ஆரவீட்டு அரசருக்கு அடங்கிய ஆட்சியாளர். சென்னையின் பிறப்போடு இவ்வளவு நெருங்கிய ஊர் இது. சென்னைக்காரர்களோ திருப்பதிவரை வந்தும் இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சந்திரகிரியிலிருந்து இடப்பக்கம் உட்காருங்கள். சேஷாசல மலைத்தொடர் கூடவே வரும். செம்மரம் இயற்கையாக வளரும் காடு அது. சங்கப் புலவர்கள் தமிழகத்தின் வட எல்லையாகக் கொண்ட வேங்கடம் இதுதான். மலையடியில் சீனிவாச மங்காபுரம். அதற்கு அப்பால் ஸ்ரீவாரி மெட்டு. சந்திரகிரி அரசர்கள் மலையேறிய வழி என்பார்கள். ஏறத்தாழ 2,400 படிகள், மலைக்குப் போகும் இன்னொரு நடைவழியான அலிபிரிப் பாதையைவிடக் குறுகியது, செங்குத்தானது.

திருப்பதி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கோவிந்தராஜர் கோவில் நடக்கும் தூரம். கோவிலை ராமானுஜரோடு இணைத்துச் சொல்வது மரபு. மலைமேல் தரிசனச் சீட்டு கிடைக்காதவர்களும் இங்கே நிம்மதியாகக் கும்பிடலாம்.

அடுத்த முறை காலை வண்டியில் கிளம்பி, சந்திரகிரிக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.