கம்பிக்கும் காற்றுக்கும் ஒரே சட்டம்

2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் என்ற இணைய இணைப்பு நிறுவனம் செய்ததை முதலில் எழுதிவைக்கிறேன். பிட்டொரன்ட் வழியாகக் கோப்பு அனுப்பியவர்களுக்கு இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. நெட்வொர்க் விஷயம் தெரிந்த ஒரு வாடிக்கையாளர், தன் கணினிக்கு வந்துபோகும் தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டு கணினிகள் தகவல் பரிமாறிக்கொண்டிருக்கும்போது நடுவிலிருந்து ஒரு 'ரீசெட்' பாக்கெட் வந்து விழுகிறது. அதை அனுப்பியது காம்காஸ்ட். ஆனால் அனுப்புநர் இடத்தில் எதிர்முனைக் கணினியின் முகவரி இருக்கிறது. 'அவர் போனை வைத்துவிட்டார்' என்று இவரிடமும், 'இவர் வைத்துவிட்டார்' என்று அவரிடமும் நடுவில் நிற்பவன் சொல்வதைப் போன்ற வேலை. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் கிங் ஜேம்ஸ் பைபிளை அனுப்பிச் சோதித்தார்கள். பதிப்புரிமைச் சிக்கலே இல்லாத அந்தப் பழைய நூலும் தடைபட்டது.

இணையச் சமநிலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் போலிப் பாக்கெட்டைத்தான். நான் பணம் கட்டுவது இணைப்புக்கு. அதில் எதைப் படிக்கிறேன், யாரோடு பேசுகிறேன் என்பதைப் பார்த்துக் கதவைத் திறப்பதும் மூடுவதும் இணைப்புத் தருபவரின் வேலை இல்லை.

*

2010. அமெரிக்காவில் இதற்கு விதி எழுத வேண்டிய நேரம். ஆகஸ்டில் கூகுளும் வெரைசனும் சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தன: கம்பி வழி இணையத்துக்குச் சமநிலை விதிகள் இருக்கட்டும்; மொபைல் இணையத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். டிசம்பரில் தொலைத்தொடர்பு ஆணையம் கொண்டுவந்த விதியிலும் அந்தப் பிளவு தங்கிவிட்டது. கம்பி இணைப்பில் தடுக்கவும் கூடாது, நியாயமற்ற பாகுபாடும் கூடாது. மொபைலில் இணையதளங்களைத் தடுக்கக் கூடாது, கம்பெனியின் சொந்த அழைப்புச் சேவையோடு போட்டி போடும் செயலிகளைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பாகுபாட்டைத் தடுக்கும் விதி மொபைலுக்கு இல்லை.

அந்த ஓட்டை சீக்கிரமே வேலை செய்தது. 2012இல் ஏடி அண்ட் டி, மொபைல் நெட்டில் ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட பிளானுக்கு மாற வேண்டும் என்றது. அதே ஐபோன், அதே செயலி, வீட்டு வைஃபையில் தடையில்லாமல் ஓடியது.

2015இல் கம்பி, மொபைல் இரண்டையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார்கள். 2017இல் ரத்து. 2024இல் மீண்டும் கொண்டுவர முயற்சி. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் சொந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன.

*

மொபைலுக்கு விலக்கு கேட்பவர்கள் சொல்லும் காரணம்: அலைக்கற்றை அளவானது, ஒரு டவரின் கீழ் ஆயிரம் பேர் கூடினால் யாருக்காவது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். உண்மைதான். திருவிழாக் கூட்டத்தில் போன் கையில் இருந்தும் நெட் நகராத அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் நெரிசலைச் சமாளிக்க, போவது வீடியோவா வாட்ஸ்அப் அழைப்பா என்று பெயர் பார்க்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் அந்த டவரில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே அளவில் குறைக்கலாம். நெரிசல் தீர்ந்ததும் விட்டுவிடலாம். அலைக்கற்றை போதவில்லை என்ற காரணம் 'குறை' என்பதற்குத்தான் நியாயம் சேர்க்கும். 'இவனுக்குக் குறை, அவனுக்கு விடு' என்பதற்குச் சேர்க்காது.

இன்னொன்று. இந்தியாவில் இணையம் பயன்படுத்தும் பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் மொபைல் வழியேதான் வருகிறார்கள். கம்பிக்கு மட்டும் பாதுகாப்பு என்றால், இங்கே அது வீட்டில் ஃபைபர் போட வசதியுள்ளவர்களுக்கு மட்டுமான பாதுகாப்பு.

*

நம் ஊர்க் கதை 2014 டிசம்பரில் சூடு பிடித்தது. இணைய வழிக் குரல் அழைப்புகள் இனி சாதாரண டேட்டா பேக்கில் சேராது, அதற்குத் தனி பேக் போட வேண்டும் என்று ஏர்டெல் அறிவித்தது: 75 எம்.பி., 28 நாள், 75 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோடு ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருந்த எத்தனையோ வீடுகளின் பர்ஸில் கை வைக்கப் பார்த்த திட்டம் அது.

அடுத்த மார்ச்சில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல், படித்து முடிக்கவே பொறுமை வேண்டும். இணையச் சமநிலையைக் கேட்டுப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் பதிலாகப் போயின. பொதுமக்கள் ஒரு தொலைத்தொடர்பு விதிக்காக இப்படித் திரண்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

*

ஃபேஸ்புக்கின் இலவச இணையம், பின்னாளில் 'ஃப்ரீ பேசிக்ஸ்', இந்தியாவில் 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. சிம்மைப் போட்டால் சில தளங்கள் காசில்லாமல் திறக்கும். ஃபேஸ்புக் இருக்கும், கூகுள் இருக்காது, யூடியூப் இருக்காது. உள்ளே வர விரும்பும் தளம் ஃபேஸ்புக் வகுத்த தொழில்நுட்ப விதிகளின்படி தன்னை மாற்றிக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்று நல்லெண்ணத்தோடு கேட்டவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1998இல் சில தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து வலையில் ஏற்ற அவர்கள் எந்தத் தொலைபேசிக் கம்பெனியிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் நாளிலிருந்தே பெரிய பத்திரிகைகளின் தளம் திறந்த அதே வழியில் அவர்கள் தளமும் திறந்தது. தமிழில் இன்று வலையில் கிடைக்கும் நல்லவற்றில் பெரும்பகுதி இப்படிக் கையில் காசில்லாதவர்கள் செய்தது. முதல் முறை இணையத்துக்கு வரும் ஒரு மாணவிக்கு அந்த வாசல் தெரியாமலே போக விடலாமா?

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தீர்ப்பைச் சொன்னது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். ரீசார்ஜ் கடைகளில் விற்ற வாட்ஸ்அப் பேக், ஃபேஸ்புக் பேக் எல்லாம் ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டியிருந்தது. இந்த விதி கம்பி, மொபைல் என எல்லா இணைப்புக்கும் பொது.

*

மனசு இடறிய இடம் ஒன்று. 2013இல் விக்கிப்பீடியாவை டேட்டா கட்டணமின்றிப் படிக்க ஏர்செல் வழி செய்தது. விக்கிப்பீடியா எனக்குப் பிடித்தது, விளம்பரம் இல்லாதது, லாபம் பார்க்காதது. அதற்கு மட்டுமாவது விலக்கு தரலாமே என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் நல்லது எது என்று தேர்ந்தெடுக்கும் பேனாவை ஒருமுறை கம்பெனியிடம் கொடுத்துவிட்டால், அடுத்த பெயரை எழுதப்போவது நாமல்ல. மாணவருக்கு உதவ வேண்டுமா, மாதம் இத்தனை எம்.பி. இலவசம் என்று கொடுங்கள். அதில் அவர் விக்கிப்பீடியாவும் படிக்கட்டும், கிரிக்கெட்டும் பார்க்கட்டும்.

*

2018இல் விலையைத் தாண்டி வேகத்துக்கும் விதி வந்தது. தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, சிலருக்கு மட்டும் முன்னுரிமை தருவது, மூன்றும் கூடாது என்று உரிம நிபந்தனைகளில் சேர்த்தார்கள். உலகிலேயே வலுவான விதிகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் உரிமம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய உரிம முறைக்குப் பதிலாக அங்கீகார முறையைக் கொண்டுவருகிறது. தாள் மாறும்போது இந்த நிபந்தனை ஒரு சொல்கூடக் குறையாமல் புதுத் தாளுக்கு வர வேண்டும். சட்டப்பிரிவாகவே இருந்தால் இன்னும் நல்லது.

*

இப்போது வேறு பக்கமிருந்து வருகிறார்கள். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும்தான் நெட்வொர்க்கை நிரப்புகின்றன, எனவே அவர்கள் எங்களுக்குப் 'பங்கு' தர வேண்டும் என்று நம் மொபைல் கம்பெனிகளின் சங்கம் கேட்கிறது. அந்த வீடியோவை வரவழைத்தது நாம். அதற்கான டேட்டாவுக்குப் பணம் கட்டியதும் நாம். ஒரே சரக்குக்கு இரண்டு முனையிலும் வசூல் கேட்கிறார்கள்.

தென்கொரியாவில் அனுப்புகிறவரிடம் வாங்கும் முறை நடப்பில் இருக்கிறது. அங்கே நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2022இல் வீடியோ தரத்தை 720பி-க்குக் குறைத்தது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிட நெட்வொர்க் செலவு பத்து மடங்கு என்று சொல்லி 2024 பிப்ரவரியில் நாட்டைவிட்டே வெளியேறியது. அமேசானுக்குச் சொந்தமான நிறுவனத்தின் கதி இது. நாகர்கோவிலில் நான்கு பேர் சேர்ந்து தொடங்கும் வீடியோ தளம் இந்தக் கட்டணத்துக்கு எங்கே போகும்?

*

இன்னும் இரண்டு விஷயம். பிளானோடு ஓடிடி சந்தா இலவசமாக வருவது: டேட்டா ஒரே மாதிரி கழிகிறவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. 5ஜியில் நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்பது: ஆஸ்பத்திரிக்கும் தொழிற்சாலைக்கும் சரி, ஒரு வீடியோ செயலிக்குத் தனித் துண்டு என்றால் அது சிலருக்கு மட்டுமான விரைவு வழிதான், கூடாது.

*

விதி மீறப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'வீஹி' என்றொரு செயலி செய்திருக்கிறார்கள். யூடியூப் போன்ற ஒரு சேவையின் பதிவுசெய்த போக்குவரத்தை முதலில் அப்படியே ஓட்டும். பிறகு அதே அளவு, அதே நேர இடைவெளி, ஆனால் உள்ளடக்கத்தின் பிட்டுகளைப் புரட்டிப்போட்டு ஓட்டும். இரண்டாவது முறை அது யூடியூப் என்று நெட்வொர்க்குக்கு அடையாளம் தெரியாது. முதல் ஓட்டம் மட்டும் திரும்பத் திரும்ப மெதுவாக இருந்தால், பெயர் பார்த்துப் பிடிக்கிறார்கள். அமெரிக்க மொபைல் கம்பெனிகள் நெரிசல் இல்லாத நேரத்திலும் வீடியோவை இழுத்துப் பிடித்தது இப்படித்தான் அம்பலமானது.

2020இல் டிராய், இதையெல்லாம் கண்காணிக்கப் பல தரப்பினரும் சேர்ந்த ஓர் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அமைப்பின் முதல் வேலையாக நான் கேட்பது: வீஹி போன்ற சோதனையை ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் மொபைலில் ஒன்று, வீட்டு பிராட்பேண்டில் ஒன்று என்று மாதாமாதம் ஓட்டி, கம்பெனி பெயரோடு முடிவை வெளியிட வேண்டும்.